இழுவண்டியும் அதன் பிரேக்கும்

வீட்டை விட்டு வெளியூர் செல்வது மனிதர் வழக்கம். வீட்டையே சுமந்துகொண்டு செல்வது நத்தைக்கும் ஆமைக்கும் உரிய வழக்கம். ஆயினும் மனிதனும் அந்த வழக்கத்தை விரும்பி மேற்கொண்டிருக்கிறான். விடுமுறைக் காலம் வந்துவிட்டால் அமெரிக்காவிலும், இங்கிலாந்திலும், ஐரோப்பாவின் பிற நாடுகளிலும், ஆஸ்திரேலியாவிலும் நெடுஞ்சாலைகளில் இக்காட்சியைக் காணலாம். முன்னே ஒரு மோட்டார் கார். அதன் பின்னே, காரைவிட உயரமும் நீளமும் மிகுந்த ஒரு சிறு வீடு. அவ்வீட்டில் கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு, குளியலறையும் உண்டு. இல்லாதது எஞ்சின் ஒன்றுதான்.

இதனை அமெரிக்கர் டிராவல் டிரெய்லர் என்பர். ஆங்கிலேயர் கேரவன் என்பர். நம் நாட்டில் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஊர்தியையும் கேரவன் என்றே அழைக்கிறோம். அது பெரும்பாலும் தன் எஞ்சினால் தானே ஓடுவது. நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பது தானே ஓடாத, மற்றொன்றால் இழுக்கப்படும் வண்டி. ஆகவே இதனை இழுவண்டி என்றே வழங்குவோம்.

இன்பப் பயணத்திற்கென்றே இத்தகைய வண்டியைக் கட்டுவித்தவர்களில் முன்னோடி, கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கடற்படை மருத்துவர். பணியிலிருந்து ஓய்வு பெற்ற அவர், பிரிஸ்டல் நகரில் ‘வாண்டரர்’ என்ற வண்டியைச் செய்வித்து, 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு ஸ்காட்லாந்து வரையில் சென்றார். அவ்வண்டியை இழுத்தவை இரண்டு குதிரைகள். 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கேரவன் சங்கம் தோன்றியபோதும் குதிரைகளே இழுத்து வந்தன. முதல் உலகப் போருக்குப் பின் குதிரையின் இடத்தைக் கார் பிடித்துக்கொண்டது. குதிரை நடந்த வேகத்தில் போன வண்டி, மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கத் தொடங்கியது.

இழுக்கும் சக்தி பெருகிவிட்டது. சரி, நிறுத்தும் சக்தி? காரின் பிரேக்கை மிதித்தால் கார் நிற்கும். பின்னே வருகிற வீடு யாருடைய கட்டளைக்கு நிற்கும்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நமக்கு நன்கு பழக்கமான ஒரு காட்சியிலிருந்து தொடங்குவோம். திருவாரூர்த் தேரோட்டத்தைப் பார்த்தவர்களோ, அதனைப் பற்றிக் கேட்டவர்களோ உங்களில் பலர் இருப்பீர்கள். ஏறத்தாழ 300 டன் எடையுள்ள ஆழித்தேர், வடம் பிடித்தவர்களின் வலிமையால் அசைகிறது. அசையத் தொடங்கிய தேரை நிறுத்த வேண்டுமானால் என்ன செய்வது? வடம் பிடித்த அத்தனை பேரும் வடத்தைக் கீழே போட்டுவிட்டாலும் தேர் அக்கணமே நின்றுவிடாது. வடத்தால் தேரை இழுக்க முடியும். வடத்தால் தேரை நிறுத்த முடியாது. ஆகவேதான் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடும் தொழிலாளர்கள் தேரோடு தேராக நடந்து வருகிறார்கள். பிற்காலத்தில் இத்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்டது. அந்தப் பிரேக்கு தேரின் சக்கரத்தில்தான் பொருத்தப்பட்டதேயன்றி, வடத்தில் பொருத்தப்படவில்லை. ஓடுகின்ற பொருளை அதன் சக்கரத்திலேயே நிறுத்த வேண்டும் என்னும் உண்மை நம் முன்னோர்க்குத் தெரிந்திருந்தது.

ஓடும் பொருள் ஓடிக்கொண்டேயிருக்க முயலும் இயல்பை நிலைமம் என்று படித்திருப்பீர்கள். பழைய பாடநூல்களில் இதுவே சடத்துவம் எனப்பட்டது. இந்த இயல்பு இழுவண்டியில் என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்கால் காண்போம். காரின் எடை 2000 கிலோ. இழுவண்டியின் எடையும் 2000 கிலோ என்று கொள்வோம். கார் தனியே மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் செல்கிறது. நல்ல பிரேக்கை அழுத்தமாக மிதித்தால் நொடிதோறும் 6 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகக் கொண்டால், கார் 52 மீட்டர் ஓடி நிற்கும். இப்பொழுது பிரேக்கு இல்லாத இழுவண்டியை அதன் பின்னே மாட்டுங்கள். நிறுத்த வேண்டிய எடை இரு மடங்காயிற்று; நிறுத்தும் விசையோ காரின் பிரேக்கிலிருந்து கிடைப்பது மட்டுமே. எனவே வேகம் குறையும் வீதம் பாதியாகும். வண்டி நிற்க 104 மீட்டர் வேண்டும்.

“52 மீட்டர்தானே அதிகம்” என்று எண்ணிவிடாதீர்கள். பிரேக்கு மிதித்த இடத்திலிருந்து 52ஆம் மீட்டரில் ஒரு குழந்தை சாலையைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் தனியே வந்திருந்தால் குழந்தையின் முன்னே வந்து நின்றிருக்கும். பிரேக்கில்லா இழுவண்டியை மாட்டிய கார் அவ்விடத்திற்கு வரும்போது, அது மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பாதி தூரத்தில் பாதி வேகம் குறைந்திருக்கும் என்று நாம் நினைக்கிறோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தைப் பாதியாக்கினால் நிற்கும் தூரம் நான்கில் ஒன்றாகும். அதே கார் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் 13 மீட்டரில் நின்றிருக்கும். ஓட்டுபவர் அபாயத்தைக் கண்டு காலை எடுத்துப் பிரேக்கின்மேல் வைப்பதற்கு ஆகும் நேரத்தை இக்கணக்கில் நான் சேர்க்கவில்லை. அதற்கு ஒரு நொடி ஆனாலும், 90 கிலோமீட்டர் வேகத்தில் மேலும் 25 மீட்டர் கடந்துவிடும்.

நிற்கும் தூரம் மிகுவது ஓர் அபாயம். அதனினும் கொடியது மற்றொன்று உண்டு. இதனை உங்கள் மேசைமீதே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சிறு சங்கிலியை எடுத்து மேசைமேல் வையுங்கள். ஒரு முனையைப் பற்றி இழுங்கள், சங்கிலி நேராகிவிடும். இனி மறு முனையைப் பற்றி, இருந்த இடத்திலிருந்து முன்னோக்கித் தள்ளுங்கள். சங்கிலி இடையிலே மடிந்து, பக்கவாட்டில் வளைந்துவிடும். இழுக்கப்படும் தொடர் நேராகும்; தள்ளப்படும் தொடர் மடங்கும்.

காரும் இழுவண்டியும் இரண்டே கண்ணிகள் உள்ள ஒரு சங்கிலி. காரின் பின்புறத்தில் ஓர் இரும்புக் குண்டு இருக்கிறது; இழுவண்டியின் முன்னுள்ள கிண்ணம் அக்குண்டைக் கவ்விக்கொள்கிறது. அந்த இடமே சங்கிலியின் கணு. காரின் பிரேக்கு மட்டும் வேலை செய்தால், பின்னுள்ள வண்டி காரை முதுகில் தள்ளுகிறது. நேர்ச் சாலையில் இத்தள்ளல் ஒருவாறு தாங்கப்படும். வளைவிலோ, மழை பெய்த வழுக்கல் சாலையிலோ அத்தள்ளல் காரின் பின்பக்கத்தை ஒரு புறமாகத் தள்ளிவிடும். காரும் வண்டியும் மடக்குக் கத்தி மடிவது போல் ஒன்றின்மேல் ஒன்று மடிந்துவிடும். ஆங்கிலத்தில் இவ்விபத்திற்கு மடக்குக் கத்தியின் பெயரையே இட்டிருக்கிறார்கள்.

இழுவண்டியின் சக்கரங்களுக்குத் தனிப் பிரேக்கு இருந்து, அது காரின் பிரேக்கோடு சேர்ந்தோ, இமைப்பொழுது முந்தியோ பிடித்தால் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. அப்பொழுது பின்வண்டி காரைத் தள்ளுவதில்லை. மெல்லப் பின்னோக்கி இழுக்கிறது. சங்கிலி நேராகவே இருக்கிறது. இழுவண்டியின் பிரேக்கு இரண்டு பணிகளைச் செய்கிறது என்பதை மனத்தில் இருத்துங்கள். ஒன்று, தன் எடையைத் தானே நிறுத்துவது. மற்றொன்று, வண்டித் தொடரை நேராக வைத்திருப்பது.

இப்பிரேக்கை இயக்குவது எவ்வாறு? இரு வழிகள் பெரிதும் வழக்கில் உள்ளன. அமெரிக்காவில் பரவலாக உள்ளது மின்சாரப் பிரேக்கு. இழுவண்டிச் சக்கரத்தின் உள்ளே பறை போன்ற ஓர் இரும்பு உருளை சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிறது. அதனுள் ஒரு நெம்புகோலின் முனையில் ஒரு மின்காந்தம் இருக்கிறது. காரிலிருந்து மின்சாரம் வந்ததும் மின்காந்தம் சுழலும் உருளையின் முகத்தை ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் உருளை அதனைத் தன் சுழற்சித் திசையில் இழுத்துச் செல்ல முயல்கிறது. அதனால் நெம்புகோல் திரும்பி, வளைந்த இரண்டு பிரேக்குக் கட்டைகளை உருளையின் உட்சுவரோடு அழுத்துகிறது. மின்சாரம் செய்வது தொடக்க வேலை மட்டுமே. சக்கரத்தின் சுழற்சியே சக்கரத்தை நிறுத்தும் விசையைத் தருகிறது. இதனால் ஒரு குறையும் உண்டு. நின்றுவிட்ட சக்கரத்தில் சுழற்சி இல்லையாகையால், நிறுத்தி வைத்த வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்க இப்பிரேக்கை நம்பலாகாது.

காந்தத்திற்கு எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்பதைத் தீர்மானிக்க, ஓட்டுபவரின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். அதில் எளிய வகை, காரின் பிரேக்கை மிதித்தவுடன் சிறிது சிறிதாக மின்சாரத்தைக் கூட்டி, முன்பே குறித்துவைத்த அளவில் நிறுத்திக்கொள்ளும். மென்மையாக மிதித்தாலும் கடுமையாக மிதித்தாலும் அதற்கு ஒன்றே. சிறந்த வகையோ காரின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை உணர்ந்து, அதற்கு ஏற்ற மின்சாரத்தை அனுப்பும். பேருந்து சட்டென்று நிற்கும்போது நின்றுகொண்டிருக்கும் நீங்கள் முன்னே சாய்கிறீர்கள் அல்லவா? மெல்ல நின்றால் சிறிதே சாய்கிறீர்கள். பழைய கருவிகளில் ஒரு சிறு ஊசல் அவ்வாறே சாய்ந்து அளவு சொல்லிற்று. இன்றைய கருவிகளில் அவ்வேலையை மின்னணு உணர்விகள் செய்கின்றன.

எவ்வளவு சிறந்த கருவியானாலும் அதனை ஓட்டுபவரே சரிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆளரவமற்ற சமமான சாலையில், மணிக்கு 35 அல்லது 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, கருவியிலுள்ள கைப்பிடியைத் தள்ளி இழுவண்டியின் பிரேக்கை மட்டும் பிடித்துப் பார்க்க வேண்டும். பின்னிருந்து யாரோ உறுதியாகப் பற்றி இழுப்பது போன்ற உணர்வு வர வேண்டும். ஆனால் சக்கரங்கள் சுழற்சி நின்று தேயக் கூடாது. சுழற்சி நின்ற சக்கரம் சாலையில் வழுக்குகிறது. பக்கவாட்டுப் பிடிப்பையும் இழக்கிறது. எனவே பிரேக்கு போதாமையைப் போலவே பிரேக்கு மிகுதியும் குற்றம். வண்டியில் பாரம் கூடினாலும், குறைந்தாலும், சாலை நனைந்தாலும் இந்த அளவை மாற்றியமைக்க வேண்டும். ஒரு முறை சரிசெய்தது ஒரு பயணம் முழுதும் சரியாக இருக்கும் என்பதில்லை.

இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் உள்ள முறை வேறு. அங்கே கேரவனின் இணைப்புத் தண்டு சிறிது முன்னும் பின்னும் நகரும்படி அமைந்திருக்கிறது. கார் வேகம் குறைந்ததும் கேரவன் முன்னே தள்ளுகிறது. தண்டு உள்ளே நகர்கிறது. அந்நகர்ச்சி ஒரு கம்பியின் வழியே சென்று சக்கரங்களின் பிரேக்கை அழுத்துகிறது. எந்தத் தள்ளலால் தீங்கு நேருமோ, அந்தத் தள்ளலையே பிரேக்கை இயக்கும் விசையாக மாற்றிவிட்டார்கள். தண்டு இடித்துக்கொள்ளாமல் மெல்ல நகரும்படி அதிர்ச்சி தாங்கும் உறுப்பு ஒன்றும் உண்டு. பின்னோக்கிச் செலுத்தும்போதும் தண்டு உள்ளே நகருமே, பிரேக்கு பிடித்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். பழைய வண்டிகளில் இறங்கிச் சென்று ஒரு தாழைப் போட வேண்டியிருந்தது. பிற்கால வண்டிகளில், சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால் பிரேக்கு தானே விட்டுக்கொடுக்கும்.

சட்டமும் இதனை வலியுறுத்துகிறது. பிரிட்டனில் 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவண்டிகளுக்குத் தனிப் பிரேக்கு கட்டாயம். அமெரிக்காவில் இவ்வரம்பு மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகிறது. பல மாநிலங்களில் 3000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1360 கிலோ. சட்டம் கட்டாயமாக்காத சிறு வண்டிக்குப் பிரேக்கே வேண்டா என்று இதற்குப் பொருளல்ல. எடையின் கணக்கைச் சட்டம் மாற்ற முடியாது.

பிரேக்கு நன்றாக இருக்கிறது, ஓட்டுபவரும் நல்லவர், ஆயினும் இணைப்பு அறுந்துவிட்டால்? இக்கேள்விக்குக் கிடைத்த விடையின் விலை மிகப் பெரியது. 1889ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள், அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு சமயப் பள்ளிக் குழந்தைகளும் பெரியோரும் ஏறிய உல்லாசப் பயண ரயில் ஒன்று புறப்பட்டது. செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் திணறி நின்றது. ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டுபோய் விட்டு வரலாம் என்று தீர்மானித்தார்கள். அந்த ரயிலில் இருந்த வெற்றிடப் பிரேக்கு, எஞ்சினோடு இணைந்திருக்கும் வரையில்தான் வேலை செய்யும், பிரித்தவுடன் விட்டுவிடும். பின்பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்க ஒரு கைப்பிரேக்கும், சக்கரத்தடியில் வைத்த கற்களுமே எஞ்சின. அவை போதவில்லை. பின்பகுதி சரிவில் பின்னோக்கி உருண்டு, வேகம் மிகுந்து, தொடர்ந்து வந்த மற்றொரு ரயில்மீது மோதியது. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களில் பலர் குழந்தைகள்.

இதற்கு மாற்று அன்று தெரியாததன்று. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர், 1872ஆம் ஆண்டிலேயே தானியங்கிக் காற்றுப் பிரேக்கைக் கண்டிருந்தார். அதில் குழாயில் அழுத்தம் இருக்கும் வரையில் பிரேக்கு விட்டிருக்கும். குழாய் அறுந்து அழுத்தம் குறைந்தால் பிரேக்கு தானே பிடித்துக்கொள்ளும். இணைப்பு போனால் பிரேக்கும் போகும் என்பது பழைய முறை. இணைப்பு போனால் பிரேக்கு பிடிக்கும் என்பது புதிய முறை. ஆர்மா விபத்து நிகழ்ந்த அதே ஆண்டில், பிரிட்டிஷ் பாராளுமன்றம் பயணி ரயில்களுக்கு இத்தகைய தானியங்கிப் பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

இன்றைய இழுவண்டியிலும் அதே தத்துவம் காவலிருக்கிறது. அமெரிக்க வண்டியில் ஒரு சிறு கம்பி காரோடு பிணைக்கப்பட்டிருக்கும். இணைப்பு விட்டு வண்டி விலகினால் கம்பி ஓர் ஊசியை உருவிவிடும். உடனே இழுவண்டியிலுள்ள பாட்டரியிலிருந்து மின்சாரம் காந்தங்களுக்குப் பாய்ந்து பிரேக்கு பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய வண்டியில் கம்பி கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத் தானும் அறுந்துபோகும். அமெரிக்க வண்டிகளில் இதனோடு இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளும் உண்டு. இணைப்பின் கீழே அவற்றைக் குறுக்காக மாட்டுவார்கள். கிண்ணம் குண்டிலிருந்து கழன்றாலும் வண்டியின் மூக்கு தரையில் குத்தாமல் அச்சங்கிலிகள் தொட்டில் போல் ஏந்திக்கொள்ளும். சங்கிலி தாங்கியிருக்கும் வரையில் ஊசி உருவப்படாதிருக்க, கம்பி சங்கிலியைவிடச் சற்று நீண்டிருக்க வேண்டும். ஆனால் பாட்டரி தீர்ந்திருந்தால் ஊசியை உருவி என்ன பயன்? வேண்டும்போது உதவாத காவல், காவல் இல்லாமைக்குச் சமம். பயணத்திற்கு முன் பாட்டரியையும் ஊசியையும் சோதித்துப் பார்ப்பது இதனாலேயே விதியாயிற்று.

இனி, பிரேக்கால் மட்டும் தீர்க்க முடியாத ஒன்றைப் பார்ப்போம். இழுவண்டி சில வேளைகளில் நாயின் வாலைப் போல் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஆட்டம் வளர்ந்தால் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். இதன் காரணம் பெரும்பாலும் பாரத்தை வைத்த முறையில் இருக்கும். மாட்டுவண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என்று பேசுவதைக் கிராமத்து மாணவர்கள் கேட்டிருக்கலாம். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அளவான முன்பாரமே நல்லது என்பது வண்டிக்காரர் அறிந்த பாடம். இழுவண்டிக்கும் அதுவே பாடம். அமெரிக்காவில் வண்டியின் மொத்த எடையில் 100க்கு 10 முதல் 15 பங்கு காரின் குண்டின்மேல் அழுந்த வேண்டும் என்பர். பிரிட்டனில் 100க்கு 5 முதல் 7 பங்கு என்பர். மிகுதியானால் காரின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடிப்புக் குறையும். குறைந்தாலோ ஆட்டம் பிறக்கும்.

ஆகவே கனமான பொருள்களை அச்சின் அருகே தாழ்வாக வைக்க வேண்டும்; பின்சுவரின் ஓரத்தில் வைக்கலாகாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பின்புறத்துத் தொட்டியில் 100 லிட்டர் நிரப்பினால் 100 கிலோ பின்பாரம் ஏறிவிட்டது என்பதை மறப்பவர் பலர். வேகம் ஒரு வரம்பைத் தாண்டும்போதுதான் ஆட்டம் தானே வளரும். பிரிட்டனில் கேரவன் இழுக்கும் காருக்குச் சாதாரணச் சாலையில் மணிக்கு 50 மைல், இரு பிரிவுள்ள பெருஞ்சாலையில் 60 மைல் என்று வரம்பு கட்டியிருப்பதும், கலிபோர்னியாவில் 55 மைல் என்று வைத்திருப்பதும் வீணுக்கல்ல.

ஆட்டம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? மனித இயல்பு இரண்டு தவறுகளைச் செய்யத் தூண்டும். ஒன்று, காரின் பிரேக்கைப் பலமாக மிதிப்பது. அது தள்ளப்படும் சங்கிலியை மடித்துவிடும். மற்றொன்று, வேகத்தைக் கூட்டி வண்டியை நேராக்க முயல்வது. அது ஆட்டத்திற்கே வலிமை சேர்க்கும். செய்ய வேண்டுவது இது: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும், ஸ்டீயரிங்கை நேராக, பதறாமல் பிடிக்க வேண்டும், எதிராக ஒடித்துத் திருப்பலாகாது. மின்சாரப் பிரேக்கு உள்ளவர்கள் கைப்பிடியால் இழுவண்டியின் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடிக்கலாம். சங்கிலி பின்னிருந்து இழுக்கப்பட்டு நேராகும். அடங்கிய பின் ஓரமாக நிறுத்திப் பாரத்தை மாற்றி அடுக்கிவிட்டே புறப்பட வேண்டும்.

மலைச்சாலை இறக்கம் பிரேக்கிற்குக் கடுஞ்சோதனை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வருக்கு மேற்கே, ஏறத்தாழ 3400 மீட்டர் உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை உள்ளது. அதன் இரு புறமும் 100 மீட்டருக்கு 6, 7 மீட்டர் வீதம் இறங்கும் நீண்ட சரிவுகள் உண்டு. 100க்கு 6 என்ற சரிவில் 10 கிலோமீட்டர் இறங்கினால் 600 மீட்டர் உயரம் குறையும். நாம் எடுத்துக்கொண்ட 4000 கிலோ எடை அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 80 லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். காற்றின் தடையும் டயர்களின் உராய்வும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மீதி முழுவதையும் பிரேக்கின் தலையில் சுமத்தினால், அதன் இரும்பும் கட்டைகளும் பழுத்துப் பிடிமானத்தை இழக்கும். காரின் பிரேக்கு எண்ணெய் கொதித்து மிதிகட்டை வெறுமையாக உள்ளே போய்விடும்.

ஆகவே இறக்கம் தொடங்குவதற்கு முன்னரே வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த கியருக்கு வந்துவிட வேண்டும். எஞ்சினே அப்பொழுது ஒரு பிரேக்காக உதவும். பிரேக்கை ஓயாமல் மெல்ல அழுத்திக்கொண்டே செல்லாமல், வேகம் கூடும்போது உறுதியாகப் பிடித்துக் குறைத்துவிட்டு, முற்றும் விட்டுவிட்டுப் பிரேக்கு ஆறுவதற்கு இடம் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய முறை வண்டிகள் இறக்கத்தில் எப்பொழுதும் காரைத் தள்ளிக்கொண்டே இருப்பதால், அவற்றின் பிரேக்கு இடையறாது தேய்ந்து சூடேறும். அவற்றை ஓட்டுவோர் இடையிடையே நிறுத்தி ஆறவிடுவதே நலம். கருகிய நாற்றம் வந்தால் அதனைக் கட்டளையாகவே கொள்ள வேண்டும். கொலராடோச் சாலையோரங்களில், பிரேக்கு கைவிட்ட கனவண்டிகள் ஏறி நிற்பதற்காகத் தனிப் பாதைகள் அமைத்திருக்கிறார்கள். அவை இருப்பதே அவ்விறக்கத்தின் இயல்பை எடுத்துரைக்கும்.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. கிண்ணம் குண்டைக் கவ்வித் தாழிட்டிருக்கிறதா? சங்கிலியும் கம்பியும் மாட்டப்பட்டுள்ளனவா? மின்கம்பி இணைப்புத் துருவின்றி இருக்கிறதா? டயர்களில் காற்றும் சக்கர நட்டுகளின் இறுக்கமும் சரியா? கைப்பிரேக்கு விடப்பட்டதா? பின்விளக்குகள் எரிகின்றனவா? ஓடும் இழுவண்டிக்குள் ஆள் இருக்கலாகாது. தங்குமிடம் சேர்ந்தபின் முதலில் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. பிறகே இணைப்பைக் கழற்றுவது. இவ்வரிசை மாறினால் வீடு தானே பயணம் புறப்பட்டுவிடும்.

மாணவர்களே, உங்களில் பலர் இத்தகைய பயண வீட்டை என்றேனும் இழுப்பீர்களோ இல்லையோ, நான் அறியேன். ஆயினும் கரும்புப் பாரம் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்களை நம் சாலைகளில் நாள்தோறும் காண்கிறீர்கள். அவற்றிலும் பின்வண்டிக்குத் தனிப் பிரேக்கு இல்லாதவை பல. அவற்றின் முன்னே குறுக்கிட்டுச் சைக்கிளைத் திருப்பும்போது, ஓட்டுபவர் நினைத்தாலும் அவ்வண்டி உடனே நிற்காது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். நாளை உங்களில் ஒருவர் பொறியாளராகவோ, வண்டியின் உரிமையாளராகவோ, சட்டம் இயற்றுபவராகவோ ஆகும்போது, “இவ்வண்டி எவ்வளவு பாரம் இழுக்கும்?” என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். “இழுத்த பாரத்தை எத்தனை மீட்டரில் நிறுத்தும்?” என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு நல்ல விடை கிடைத்த பின்னரே முதற் கேள்வியின் விடையைப் பயன்படுத்துங்கள்.